மூலத்தின் திசை

பெண் படித்தவள், பண்புள்ளவள், சொந்தக் காலில் நிற்பவள். பையன் வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண் வீட்டாருக்கும் மறுப்பில்லை. தாம்பூலம் மாற்றிக்கொள்ள நாள் குறிக்கலாம் என்று பேச்சு முதிர்ந்த வேளையிலே, மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்கிறார்: "பெண்ணுக்கு என்ன நட்சத்திரம்?"

"மூலம்" என்கிறாள் தாய், குற்றம் செய்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு.

அவ்வளவுதான்! மலர்ந்த முகங்கள் சுருங்குகின்றன. வந்தவர்கள் எழுகிறார்கள். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று எவனோ எக்காலத்திலோ எதுகை மோனைக்காகச் சொல்லிவைத்த சொல் ஒன்று, பெற்றவர்களின் ஆசையையும் பெண்ணின் எதிர்காலத்தையும் ஒரு நொடியில் நிர்மூலமாக்கிவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறது. மாமனாரைக் கொல்லுமாம் அந்த மீன்! அதே மீன் ஆணுக்கு அமைந்தால் அரியணை தருமாம்! வானத்து மீனுக்குங்கூட ஆண் என்றால் ஒரு நீதி, பெண் என்றால் ஒரு நீதி!

அந்தப் பெரியவரை அழைத்து, "ஐயா, தாங்கள் அஞ்சுகிற அந்த மூலம் எங்கே இருக்கிறது? மொட்டை மாடிக்கு வந்து காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். காட்டமாட்டார். பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்பார். பஞ்சாங்கத்தைத் தவிர வேறெங்கும் அவர் மூலத்தைப் பார்த்ததில்லை.

நாம் பார்ப்போம், தோழர்களே. சித்திரை மாதத்து விடியலுக்கு முன், தென்வானத்தில் தேள் ஒன்று படுத்திருப்பது போன்ற மீன் கூட்டம் தெரியும். அதன் வால் வளைந்து நிமிரும் இடத்தில், கொடுக்கிலே ஒளிர்கிற மீன்தான் மூலம். அதற்கு இடப்புறமாகச் சற்று மேலே, நீட்டிய கையின் முட்டி மறைக்கும் அகலத்துக்குள், பால்வீதி அடர்ந்து, கருந்திட்டுக்கள் படிந்து கிடக்கும். அங்கே வெறுங்கண்ணுக்கு எதுவும் தனித்துத் தெரிவதில்லை. ஆயினும் அந்தத் திசையில்தான், ஏறத்தாழ 26,700 ஒளியாண்டுத் தொலைவில், நம் விண்மீன் மண்டலத்தின் நடுவிடம் இருக்கிறது. சூரியனும் அதன் குடும்பமும் ஏறத்தாழ 22 கோடி ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிற நடுவிடம் அது! வான்வழியை 27 பங்காக வகுத்த பஞ்சாங்கக் கணக்கிலும், அந்த நடுவிடம் விழுவது மூலம் என்ற பங்கிலேதான்.

எந்தத் திசையைச் சொல்லி நம் வீட்டுப் பெண்ணை ஒதுக்கினார்களோ, அந்தத் திசையை அறிவதற்காக உலகத்து அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கண் விழித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன? அந்த வரலாற்றில் நம் பழனி மலைக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள பங்கு என்ன? எண்ணிப் பார்க்க வேண்டியவை இவை.

மலையேறிய கண்ணாடி

பழனி மலை என்றால் ஒருவருக்குப் படிக்கட்டும் காவடியும் நினைவுக்கு வரும். கொடைக்கானல் என்றால் இன்னொருவருக்கு ஏரியும் படகும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சியும் நினைவுக்கு வரும். அந்த மலைத்தொடரில், 7,700 அடி உயரத்தில், 1899ஆம் ஆண்டு முதல் ஒரு வான்நோக்குக்கூடம் இருந்து வருகிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

அதன் வேர் சென்னையிலே இருந்தது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் ஒரு வான்நோக்குக்கூடம் கட்டினர். கருவிகளைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணில், பிற மொழிகளோடு தமிழிலும் அந்தச் செய்தியைப் பொறித்தனர். கம்பெனிக்கு விண்மீன் மீது காதலா? இல்லை! கப்பல் செலுத்தவும் நிலம் அளக்கவும் விண்மீன் தேவைப்பட்டது. எனினும், வணிகன் திறந்த வாயில் வழியாக அறிவும் நுழைந்தது. 1844இல் டெய்லர் என்பவர் அங்கிருந்து 11,000 விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்.

அந்தக் கூடத்தில் பணி புரிந்த நம் நாட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல், ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற விண்மீன் ஒன்றைத் தென்வானில் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி என்னும் கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்க நூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றில் வெளிவரச் செய்தார். பழைய வாய்பாடுகளை நம்பிக் கணிக்கும் பஞ்சாங்கம் வானத்தோடு ஒட்டவில்லை. கண்ணால் கண்டதைக் கொண்டு திருத்துங்கள் என்று வாதாடினார். கணக்குச் சிறிது திருந்தியது. ஆனால், அந்தக் கணக்கின் மீது ஏறி உட்கார்ந்திருந்த அச்சம் திருந்தியதா? நாழிகையைத் திருத்தினார்கள், நடுக்கத்தைத் திருத்தவில்லை!

பின்னர் வந்தது 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம். தென்னாட்டிலே பல இலட்சம் உயிர்கள் மாண்டன. மக்கள் எலும்பும் தோலுமாக வீழ்ந்து கிடந்த அந்த நாளிலும் துறைமுகத்தில் தானியம் கப்பலேறியது. பஞ்சம் ஏன் வந்தது என்று ஆராய்ந்த ஆட்சியாளருக்கு ஓர் எண்ணம் வலுப்பட்டது: சூரியனிலே கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குகின்றன, அதற்கும் பருவமழைக்கும் தொடர்பிருக்கலாம், ஆகவே சூரியனை நாள்தோறும் நோக்க வேண்டும்! ஆராய்ச்சி என்ற அளவில் தவறில்லை. ஆனால் வானத்தைப் பார்க்கச் சொன்னவர்கள், பூட்டிய கிடங்கையும் புறப்பட்ட கப்பலையும் பார்க்கவில்லை என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

சென்னையின் புழுக்கமும் புழுதியும் சூரிய ஆராய்ச்சிக்கு உதவா. சென்னையில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரலில் வான்நோக்குக்கூடம் மலைக்குக் குடியேறியது.

மோட்டார் சாலை அமையாத காலம் அது. கொடைக்கானலுக்குப் போகும் சுமைகள், பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில், மட்டக்குதிரை மீதும் மாட்டின் மீதும், மனிதர்களின் தலையிலும் தோளிலும் ஏறிய காலம். கண்ணாடி வழியே பார்த்தவர்களின் பெயரை வரலாறு அறியும். கண்ணாடியைச் சுமந்தவர்களின் பெயரை அது எழுதி வைக்கவில்லை.

மலைமேல் நடந்த பணி சிறிதன்று. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். 'எவர்ஷெட் விளைவு' என்று உலகத்துப் பாட நூல்களெல்லாம் கூறுவது நம் கொடைக்கானலில் கண்ட உண்மையைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே சூரியனை நாள்தோறும் படமெடுத்துச் சேர்த்தனர். நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்தப் படத்தொகுப்பு உலகில் மிகச் சில இடங்களிலேதான் உண்டு.

பகலெல்லாம் சூரியனை நோக்கிய மலை, இரவிலே எதை நோக்கியது? இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் இருக்கிறது. கொடைக்கானல் பத்துப் பாகை வட அகலத்தில் இருக்கிறது. மூலத்தின் திசை அங்கே தென்வானில் ஐம்பது பாகை உயரத்துக்கு ஏறும். இங்கிலாந்தின் கிரீன்விச்சில் அதே திசை பத்துப் பாகைகூட ஏறாது. தொடுவானத்து மூடுபனியிலேயே எழுந்து அதிலேயே விழுந்துவிடும். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையிலும் 27 பாகைதான். ஆக, நம் விண்மீன் மண்டலத்தின் நடுவை நோக்க இயற்கை இட்டுத் தந்த மேடைகளில் ஒன்று நம் மலை. ஆயினும், அந்த நடுவைக் கண்டு சொன்ன பெருமை நம் மலைக்கு வாய்க்கவில்லை. ஆட்சியாளர் கேட்ட கேள்வி சூரியனைப் பற்றியது. ஆகவே மலையும் சூரியனைப் பற்றியே விடை சொன்னது. 1912இல் புனாவிலிருந்து வந்து சேர்ந்த 20 அங்குல ஆடித் தொலைநோக்கியும், இரவு வானுக்குப் பயன்படாமல் நெடுநாள் உறங்கி, நாடு விடுதலை பெற்ற பின்னரே நிறுவப்பட்டது. கருவி இருந்தால் மட்டும் போதாது. அதைக் கொண்டு எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் உரிமையும் வேண்டும்!

நடுவிலிருந்து இறங்கிய சூரியன்

நாம் இருக்குமிடமே நடு என்று எண்ணுவது மனிதனின் பழைய நோய். பூமியே நடு என்றான். கோப்பர்நிக்கசும் கலிலியோவும் அதைத் தகர்த்தனர். பிறகு, பூமி இல்லாவிட்டால் போகட்டும், நம் சூரியனாவது நடுவாக இருக்கட்டும் என்று எண்ணினான். 1785இல் ஹெர்ஷல் திசைதோறும் விண்மீன்களை எண்ணிப் பார்த்து, சூரியன் நடுவுக்கு அருகில் இருப்பதாகவே முடிவு கட்டினார். 1922இல் காப்டெயின் என்ற பேரறிஞரும் அதே முடிவுக்கே வந்தார்.

அவர்கள் அறிவில் குறைந்தவர்களா? இல்லை. மூடுபனியில் நிற்பவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தொலைவு வரைதான் தெரியும். ஆகவே தானே நடுவில் நிற்பதாக எண்ணிவிடுவான். விண்மீன்களுக்கிடையே நுண்ணிய தூசு மூடுபனி போலப் பரவியிருப்பதை அன்று எவரும் சரியாக அளந்திருக்கவில்லை.

1918இல் ஹார்லோ ஷாப்லி வேறு வழி கண்டார். இலட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் திரண்டு நிற்கும் கோளக் கொத்துக்கள் வானிலே உண்டு. அவற்றிற் பல தூசுப் படலத்துக்கு மேலும் கீழும் இருப்பதால் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் கொத்துக்கள் வானெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. தனுசு ராசியின் பக்கம் குவிந்து கிடந்தன. ஊரெல்லாம் ஒரு பக்கமாகத் திரள்கிறது என்றால், திருவிழா அந்தப் பக்கம்தானே நடக்கிறது? "நடு அங்கே இருக்கிறது, சூரியன் இருப்பது புறநகரில்" என்றார் ஷாப்லி. தொலைவை அவர் இரு மடங்குக்கு மேல் மிகைப்படுத்திவிட்டார். தூசின் கணக்கு 1930இல் டிரம்ப்ளர் சொன்ன பிறகே தெளிவாயிற்று. ஆனால் திசை பிழைக்கவில்லை. 1920களின் பிற்பகுதியில் லிண்ட்பிளாடும் ஊர்ட்டும் விண்மீன்களின் ஓட்டத்தை அளந்து, எல்லாம் அந்தத் திசையிலுள்ள நடுவையே சுற்றுகின்றன என்றனர். 1930களின் தொடக்கத்தில், தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி, வானொலிக் கருவியில் கேட்ட ஓயாத இரைச்சலின் மூலத்தைத் தேடிச் சென்றார். அதுவும் அதே திசையைக் காட்டியது.

மூன்று வழி, மூன்று கருவி, ஒரே திசை. எவரும் எவருக்கும் அருள்வாக்குச் சொல்லவில்லை. ஒருவர் கண்டதை மற்றவர் சோதிக்கலாம், சோதித்தார்கள், ஒத்து வந்தது. உண்மை என்பது இவ்வாறுதான் நிலைநாட்டப்படுகிறது.

தூசில் ஒரு சாளரம்

திசை தெரிந்தது. ஆனால், அங்கே வாழும் விண்மீன்கள் எப்படிப்பட்டவை? தூசு மறைத்து நின்றது. நடுவிடத்திலிருந்து புறப்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்தடைகிறது!

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வால்டர் பாடே, இரண்டாம் உலகப் போரின்போது 'எதிரி நாட்டவர்' என்று முத்திரை குத்தப்பட்டார். மற்ற அறிஞர்கள் போர்ப்பணிக்குச் சென்றனர். அவருக்கு மலைமீதிருந்த 100 அங்குலத் தொலைநோக்கி மிஞ்சியது. குண்டு வீச்சுக்கு அஞ்சி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கணைத்துக் கிடந்த இரவுகளில், வானம் முன்னெப்போதும் இல்லாதபடி இருண்டிருந்தது. அந்த இருளில், ஆந்திரமீடா மண்டலத்தின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் படமெடுத்தார் பாடே. வெளிச் சுருள்களில் நீல நிற இளைய மீன்கள். நடுவிலோ சிவந்த முதிய மீன்கள். 1944இல், விண்மீன்களை முதலாம் வகை, இரண்டாம் வகை என இரு குடிகளாக அவர் பிரித்தார்.

நம் மண்டலத்தின் நடுவும் அப்படித்தானா? தூசு குறைந்த இடம் ஒன்றைத் தேடினார். நடுவிலிருந்து நான்கு பாகை தள்ளி, கோளக் கொத்து ஒன்றை ஒட்டி, தூசுப் படலம் மெலிந்த சிறு பகுதியைக் கண்டார். பூட்டிய வீட்டில் திறந்து கிடந்த சாளரம் போல அது அமைந்தது. 'பாடே சாளரம்' என்றே இன்றும் அதற்குப் பெயர். ஒளி மாறும் முதிய மீன்களை அதன் வழியே எண்ணி, நடுவின் தொலைவை இன்றைய மதிப்புக்கு அருகில் கணித்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாடே வகுத்த இரு வகைகளும் உலகப் புகழ் பெற்றன. முதிய மீன்கள் என்றால் அவற்றில் இரும்பு, கால்சியம் முதலிய தனிமங்கள் குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். பின்னர் வந்தவர்கள் அதே சாளரத்தின் வழியே நிறமாலையைப் பிடித்துப் பார்த்தனர். 1980களில் தெரிந்தது என்ன? நடுப் புடைப்பின் மீன்களிற் பெரும்பாலானவை 1,000 கோடி ஆண்டு முதியவை. ஆனால் தனிமங்களில் வறியவை அல்ல! நம் சூரியனுக்கு நிகரானவையும் மிஞ்சியவையும் பல. இரண்டு பெட்டிகளுக்குள் விண்மீன்கள் அடங்கவில்லை. வகுத்தவர் பேரறிஞர் என்பதற்காக எவரும் வகுப்பைக் காப்பாற்றவில்லை. கண்டதற்கேற்ப வகுப்பை மாற்றினர். பிறப்பை வைத்து மனிதனைப் பெட்டியில் அடைத்து, ஆயிரம் ஆண்டாகப் பூட்டைத் திறக்க மறுக்கும் நாட்டிலே, இந்தச் சிறு செய்தியை நூறு முறை சொல்லலாம்.

அப்புறம் படம் இன்னும் தெளிவாயிற்று. தூசை ஊடுருவும் அகச்சிவப்புக் கதிர்களால் 1990களில் நோக்கியபோது, நடுப்பகுதி வெறும் உருண்டையன்று, நீண்ட தண்டு போன்றது என்பது உறுதியாயிற்று. இதை 1964இலேயே வோகூலர் ஊகித்திருந்தார். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15,000 ஒளியாண்டு நீளும் அந்தத் தண்டின் உட்பகுதி தடித்து, பக்கவாட்டில் பார்த்தால் வேர்க்கடலை போல் இரு புறமும் புடைத்திருக்கிறது. அதற்குள்ளே, தனிமங்கள் மிகக் குறைந்த, 1,200 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழங்குடி மீன்களின் கூட்டம் ஒன்று நடுவை மொய்த்து நிற்பதை, கையா விண்கலத்தின் அளவைகளைக் கொண்டு 2022இல் அறிவித்தனர். மண்டலம் உருவான தொடக்க நாட்களின் சாட்சிகள் அவை.

எல்லாவற்றுக்கும் உள்ளே என்ன? 1974இல் வானொலி வழியே ஒரு சின்னஞ்சிறு புள்ளியைக் கண்டனர். அதை 16 ஆண்டில் சுற்றிவரும் விண்மீன் ஒன்றைப் பல்லாண்டு தொடர்ந்து பின்பற்றி, 40 இலட்சம் சூரியன்களின் எடை அங்கே ஒடுங்கிக் கிடப்பதை ரெய்ன்ஹார்ட் கென்செல் குழுவும் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் நிறுவின. 2020இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசின் ஒரு பாதி வழங்கப்பட்டது. 2022 மே மாதத்தில் அந்தக் கருந்துளையின் நிழற்படமும் வெளிவந்தது. அதை ஓரிரு ஒளியாண்டுக்குள் நெருங்கி, சில பத்து இலட்சம் ஆண்டே வயதான இளமீன்கள் சுற்றுகின்றன. ஒளியையும் விழுங்கும் அந்தக் கருந்துளையின் வாசலிலும் புதிய பிறப்பு உண்டு! அங்கே எந்த மாமனாரும் சாகவில்லை. பெண் மூலம் நிர்மூலமென்று பேசும் பேச்சுக்கு அந்த இருண்ட நடுவிலும் ஆதரவில்லை. இத்தனையையும் கண்டு நிறுவியவர்களுள் ஒருவரான ஆண்ட்ரியா கெஸ், ஒரு பெண்!

மூல நாளும் முதலைக் கேட்ட மலையும்

நம் மலைகள் வாளாவிருக்கவில்லை. 1960இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. 1957இலேயே அவரும் ஓலின் வில்சனும் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தனர்: குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் தரும் ஒரு கோட்டின் அகலத்தை அளந்தால், அந்த மீனின் உண்மை ஒளியைச் சொல்லிவிடலாம். உண்மை ஒளி தெரிந்தால் தொலைவு தெரியும். கொடைக்கானலில் சூரியனை நாள்தோறும் படமெடுத்தார்களே, அது அந்தக் கால்சியக் கோட்டின் ஒளியிலேதான்! பகலில் சூரியனில் படித்த எழுத்தைக் கொண்டு இரவில் தொலைமீனைப் படிக்கலாம் என்றாயிற்று. இன்றும் எந்த விண்மீனிலும் தனிமம் மிகுதியா குறைவா என்று சொல்ல உரைகல்லாக நிற்பது நம் சூரியனே. சூரியனைப் படித்த உழைப்பு வீணாகவில்லை.

மலைமேல் மேகமும் மூடுபனியும் மிகுதி. இரவு ஆராய்ச்சிக்கு வேறிடம் வேண்டும் என்று உணர்ந்த பாப்பு, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968இல் நம்மவர்கள் உருவாக்கிய 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி அங்கே இயங்கத் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1986இல் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி அமைந்தபோது, அதைக் கனவு கண்ட பாப்பு உயிரோடில்லை; அவர் பெயர்தான் அதற்குச் சூட்டப்பட்டது. கேள்வியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை நாட்டுக்கு வந்தபின் மலைகள் இரவிலும் விழித்தன.

ஆயினும், மூலத்தின் கதையில் முத்தாய்ப்பான செய்தி நீலகிரியில் நடந்தது. உதகையை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்றைக் கோவிந்த் சுவரூப்பும் அவர் குழுவினரும் நிறுவினர். 1970இல் அது பணி தொடங்கியது. மலைச்சரிவின் சாய்வை அவ்விடத்து அகலப் பாகையோடு பொருந்தச் செய்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதைக் கிடத்தினர். அதன் சிறப்பு ஓர் எளிய முறையிலே இருந்தது. வானொலி தரும் பொருள் ஒன்றைச் சந்திரன் மறைக்கும்போது, ஒலி எவ்வளவு விரைவாகக் குறைகிறது, மீளும்போது எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்று அளந்தால், அப்பொருளின் அளவும் அமைப்பும் நுட்பமாகத் தெரியும். சந்திரனின் விளிம்பே கத்தி, காலமே அளவுகோல்.

1970களின் தொடக்கத்தில், சந்திரன் நம் மண்டலத்தின் நடுவை மறைத்துச் சென்ற வாய்ப்பைப் பயன்படுத்தி, அப்பகுதியின் வானொலி உருவை உதகையிலிருந்து அளந்தனர். சந்திரன் அந்த நடுவை மறைக்கும் நாள் எந்த நாள்? பஞ்சாங்கக் கணக்கில் மூல நட்சத்திர நாள்! வேறு நாளாக இருக்கவே முடியாது. ஒரே சந்திரன், ஒரே நாள், ஒரே தமிழ்நாடு. அடிவாரத்து ஊரிலே அந்த நாளில் ஒரு பெண் குழந்தை பிறந்தால், 'ஐயோ, மூலமா!' என்று முகம் சுளிப்பார்கள். அதே நாளில் மலைமீதோ, 'இன்று சந்திரன் மூலத்தில்; விழிப்பாக இருங்கள்' என்று கருவியைத் திருப்பி, அண்டத்தின் உண்மையை அளந்துகொண்டிருந்தார்கள்!

மலைக்கும் அடிவாரத்துக்கும் சில ஆயிரம் அடி உயரந்தான் வேறுபாடு. ஆனால் அறிவு அந்தச் சில ஆயிரம் அடி இறங்கி வருவதற்கு எத்தனை ஆண்டு!

பெருமையும் ஒரு பொறி

இதைக் கேட்டவுடன் ஒரு கூட்டம் புறப்படும். "பார்த்தீர்களா! மூலம் என்றால் வேர், ஆதி. அண்டத்தின் நடுவை அறிந்தே நம் முன்னோர் அப்படிப் பெயரிட்டார்கள்" என்று மேடை போட்டுப் பேசும். ஏமாறாதீர்கள்! கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இலட்சம் கோடியில் ஒரு பங்குகூட வராத இடத்தை வெறுங்கண் எப்படி அறியும்? 1918க்கு முன், அங்கே நடு இருக்கிறது என்று காரணம் காட்டிச் சொன்னவர் எவரேனும் உண்டா? மூலம் என்று பெயர் பெற்ற மீனே நமக்குச் சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் நிற்பது. நடுவோ 26,700 ஒளியாண்டு. தெருவிளக்கும் மலையுச்சி விளக்கும் ஒரே நேர்கோட்டில் தெரிவதால் இரண்டும் ஒரே வீட்டு விளக்காகிவிடுமா? பெயர் பொருந்தியது தற்செயல். முன்னோர் கண்ணால் கண்டு மீன்களுக்கு இடம் குறித்தது உழைப்பு. அதற்கு நன்றி சொல்வோம். அவர்கள் காணாததைக் கண்டதாகச் சொல்வது பொய். அதற்குத் துணை போக வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம்

சந்திரன் வானைச் சுற்றிவர 27 நாட்களுக்குச் சற்று மேலாகிறது. மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு நாள் மூலத்தில் இருக்கிறது. ஆகவே உலகத்துப் பெண்களில் ஏறத்தாழ 27 பேருக்கு ஒருத்தி மூலத்தில் பிறந்தவள். ஜப்பானிலும் அப்படியே, ஆப்பிரிக்காவிலும் அப்படியே, அடுத்த தெருவிலும் அப்படியே. அங்கெல்லாம் 27 மாமனாரில் ஒருவர் மருமகள் வந்ததும் மாண்டு வீழ்கிறாரா? பஞ்சாங்கமே அறியாத நாட்டில் மூலத்துப் பெண்கள் அரசாள்கிறார்கள், ஆராய்கிறார்கள், ஆலை நடத்துகிறார்கள், பேரப் பிள்ளைகளோடு மாமனார் மடியில் விளையாட்டுப் பார்க்கிறார்கள். மீன் ஒன்று, விளைவு நாட்டுக்கு நாடு வேறா? அப்படியானால் வேறுபாடு மீனில் இல்லை, மண்டையில் இருக்கிறது.

நடுவிடத்திலிருந்து இன்று நம்மை வந்தடையும் கதிர் 26,700 ஆண்டுக்கு முன் புறப்பட்டது. அது புறப்பட்டபோது பஞ்சாங்கம் இல்லை, பழமொழி இல்லை, சாதகக்கட்டம் இல்லை. இன்று பிறந்த குழந்தையைத் தண்டிக்க அது புறப்படவில்லை.

தோழனே, அடுத்த முறை உன் வீட்டிலோ உன் தெருவிலோ, "பெண்ணுக்கு என்ன நட்சத்திரம்?" என்ற கேள்வி எழும்போது ஒதுங்கி நிற்காதே. சினமும் கொள்ளாதே, கேட்கிறவரும் அச்சத்துக்கு அடிமைப்பட்ட மனிதர்தாம். அவரை அன்போடு கைப்பிடித்து மொட்டை மாடிக்கு அழைத்துப் போ. தென்வானத்துத் தேளைக் காட்டு. கொடுக்கைக் காட்டு. அதன் அருகே அடர்ந்து கிடக்கும் பால்வீதியைக் காட்டி, கொடைக்கானல் மலையில் தொடங்கிய கதையைச் சொல். முத்தோரையில் சந்திரனைக் கொண்டு அளந்த கதையைச் சொல். சொல்லி முடித்ததும், கீழே இறங்கி வந்து அந்தப் பெண்ணிடம், அவள் என்ன படித்திருக்கிறாள், வாழ்வில் என்ன விரும்புகிறாள் என்று கேட்கச் சொல்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவள் அவள்.